காசிராஜன் கூப்பிட்ட ஏலம்

23-2-1967: தேர்தல் முடிவு. கட்டிய டெபாசிட் 250 ரூபாய் திரும்பி வந்தது.
11-8-1968: மருதனேந்தல் கண்மாய் மர ஏலம், 4,250 ரூபாய்.
20-10-1968: மடை கட்டி முடிந்தது. செலவு 3,918 ரூபாய்.
9-1-1969: வழக்குப் பதிவு. அரசு போட்ட மர மதிப்பு 6,100 ரூபாய்.
15-9-1969: சென்னையிலிருந்து விருதுநகருக்கு மூன்றாம் வகுப்பு ரயில் டிக்கெட், 13 ரூபாய் 60 காசு.
27-4-1970: அபராதம் 500 ரூபாய்.

இந்த ஆறு வரிகளையும் முதலிலேயே எழுதிவிட்டேன். காசிராஜன் அண்ணாச்சியைப் பற்றி அருப்புக்கோட்டைப் பக்கம் இன்னமும் இரண்டு கதைகள் சொல்கிறார்கள். எம்.எல்.ஏ.வாக இருந்து ஐம்பதாயிரம் தின்று மாட்டிக்கொண்டார் என்பது ஒரு கதை. மேடையில் நின்று வீரவசனம் பேசிப் பதவியைத் தூக்கி எறிந்தார் என்பது இன்னொன்று. இரண்டும் தவறு. எனக்கு பஜாரில் கரி, மிளகாய், மல்லி கமிஷன் கடை. அவர் எம்.எல்.ஏ.வாக இருந்த இரண்டரை வருடமும் என் கடை மாடிதான் அவருடைய ஆபீஸ். நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

மருதனேந்தல் திருச்சுழிக்குத் தெற்கே உள்ள ஊர். மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் கருவேலமரத்தை வெட்டி, மண்மூடி எரிக்கும் கரிமூட்டம். காசிராஜன் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். பதினாறு வயதில் மூட்டம் போட ஆரம்பித்து, பிறகு கரி வியாபாரியாகி, வாரம் இரண்டு வண்டி என் கடைக்குக் கொண்டுவருவார். சாக்கின் அடியில் தூள் இருக்காது. அவரோடு எனக்கு ஏற்பட்ட பழக்கத்துக்கு முதல் காரணம் அதுதான்.

ஊருக்கு அவர் வேண்டப்பட்டவரானது வேறொரு காரணத்தால். அவருக்கு ஏலம் கூப்பிடும் குரல் இருந்தது. அந்தப் பக்கத்துக் கண்மாய்களில் மீன், கருவேல நெற்று, மரம் எதுவானாலும் ஊர்ப்பொதுவில் ஏலம் விடுவார்கள். அந்தப் பணத்தில் கரை உயர்த்துவது, மடை பார்ப்பது, மிஞ்சினால் அய்யனார் கோயிலுக்கு எண்ணெய். ஏலம் கூப்பிடுகிறவர் மூன்றாம் தரம் சொல்லிவிட்டுக் குனிந்து, கண்மாய் மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து, ஏலம் எடுத்தவருடைய துண்டில் வைப்பார். மண்ணைத் துண்டில் முடிந்துகொண்டால் பேச்சு முடிந்தது. அதற்கு மேல் கூடுதலாகக் கேட்கவும் கூடாது, எடுத்தவர் பின்வாங்கவும் கூடாது. ரசீது, கையெழுத்து எதுவும் கிடையாது. காசிராஜன் கூப்பிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவே அவர் கூட்டத்தைச் சுற்றி எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்ப்பார். கேட்க நினைத்துக் கூச்சப்படுகிறவனுக்குக்கூட அதில் ஒரு வாய்ப்பு கிடைக்கும்.

அந்த நம்பிக்கையால் பஞ்சாயத்துத் தலைவரானார். அறுபத்தேழில் எங்கள் தொகுதி சீட்டுக்கு இரண்டு பெரிய ஆட்கள் முட்டிக்கொண்டார்கள். விட்டுக்கொடுக்க இருவரும் தயாரில்லை. கடைசியில், வளர்ந்து தங்களுக்குப் போட்டியாக வரமாட்டார் என்று இருவருக்கும் தோன்றிய ஒருவரைத் தேடியதில் காசிராஜன் அகப்பட்டார். இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

"ரெண்டு பேரும் கூட்டிக்கிட்டே போனாக. மூணாவது தரம் என் மேல விழுந்துருச்சு பாய்."

சட்டசபையில் அவர் பேசியதெல்லாம் மடை, மிச்சநீர் வழியும் கலுங்கு, தண்ணீர் வந்துசேரும் வரத்துக்கால் பற்றித்தான். பேப்பரில் பெயர் வந்ததில்லை. நரிக்குடி பஸ், ஊருக்குப் பாதை பிரியும் மருதனேந்தல் விலக்கில் நின்றுபோக ஏற்பாடு செய்தார். அவருடைய பெரிய சாதனை அதுதான்.

அறுபத்தேழு கார்த்திகையில் மருதனேந்தல் கண்மாயின் பெரிய மடை இடிந்தது. பெருகியிருந்த தண்ணீரெல்லாம் நான்கு நாளில் வயற்காட்டை அறுத்துக்கொண்டு போய்விட்டது. காசிராஜன் சம்பந்தப்பட்ட ஆபீஸ்களுக்கெல்லாம் நடந்தார். எஸ்டிமேட் மேலே போயிருக்கிறது, அடுத்த பட்ஜெட்டில் வரும் என்றார்கள். மறு வருடம் ஆடி பாதி தாண்டியும் வரவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் மடை நிற்காவிட்டால் இன்னொரு வருடமும் சோறு கிடையாது. ஊர் கூடி, வழக்கம்போலக் கண்மாய்க்குள் நிற்கும் கருவேலமரங்களை ஏலம் விட்டு மடை கட்டுவதென்று முடிவு செய்தார்கள்.

கண்மாய் மரம் அரசாங்கத்துக்குச் சொந்தம். ஊருக்கு அது தெரியாது என்று சொல்லமாட்டேன். தெரியும், ஆனால் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான் நடக்கிறது, யாரும் வந்து கேட்டதில்லை. எம்.எல்.ஏ. ஆன பிறகு அந்த ஏலத்தை அவர் கூப்பிட்டிருக்கக் கூடாது. அவரும் முதலில் வேறு ஆளைக் கூப்பிடச் சொன்னார். ஊர் ஒப்பவில்லை.

11-8-1968 ஞாயிற்றுக்கிழமை. கரி வாங்கலாம் என்று நானும் போயிருந்தேன். காரியாபட்டியிலிருந்து வந்த விறகு வியாபாரி ஒருவர் நாலாயிரத்து இருநூற்றைம்பதுக்குக் கேட்டார். காசிராஜன் மூன்றாம் தரம் சொல்லி, குனிந்து, மண்ணை அள்ளிக்கொண்டு போனார். வியாபாரி துண்டை நீட்டவில்லை.

"என்னய்யா இது?"

"கண்மாய் மண்ணு. முடிஞ்சுக்கோரும்."

"மண்ண வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? லாரியில லோடு ஏத்திப் போறப்ப மறிச்சாம்னா மண்ணையா காட்ட? ஒரு பேப்பர் குடும்யா."

கூட்டத்தில் இருந்து வெள்ளைத்தாய் குரல் கொடுத்தாள். அவள் மரம் வெட்டும் ஆட்களுக்குத் தலைவி. புருஷன் இல்லாதவள். காசிராஜனுக்கு முறைப்பெண் வரிசை. அதனால் அவரைக் கேலி செய்ய அவளுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

"மறிக்கிறவன் வாயில போடும்யா, பேசாம விட்ருவான். ஏ மச்சான், நீதான் மெட்ராஸ்ல பேப்பர் பேப்பரா வச்சுருக்கியாமே. ஒண்ணக் கிழிச்சுக் குடேன்."

எல்லோரும் சிரித்தார்கள். காசிராஜனும் சிரித்தார். பையில் சட்டமன்ற உறுப்பினர் லெட்டர்பேட் இருந்தது. ஒரு தாளை எடுத்து முழங்காலில் வைத்து, மருதனேந்தல் கண்மாய் மரங்களை இன்னாருக்கு இன்ன தொகைக்கு ஏலத்தில் கொடுத்ததாக எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்திக் கொடுத்தார். அந்த லெட்டர்பேட் தன் ஊருக்கு உபயோகப்பட்டது அதுவே முதல் தடவை என்று அவருக்குச் சந்தோஷம்கூட. வியாபாரி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்த பிறகு, காசிராஜன் மண்ணையும் அவர் துண்டில் வைத்தார். பிற்பாடு வழக்கில் தாள் மட்டும்தான் சாட்சியாக வந்தது.

மரம் வெட்டினார்கள். மடை கட்டினார்கள். நல்ல கல் மடை, இன்றைக்கும் நிற்கிறது. ஐப்பசியில் மழை பிடித்துக் கார்த்திகையில் கண்மாய் பெருகியது. தை மாதம் நான் அறுவடை பார்க்கப் போனபோது வெள்ளைத்தாய் எனக்கு ஒரு படி புது அரிசி கொடுத்தாள். ஆனால் அந்தத் தை பிறப்பதற்கு முன்பே போலீஸ் வந்திருந்தது.

லோடு போகும் வழியில் லாரியை யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். டிரைவர் தாளைக் காட்டியிருக்கிறான். வெறும் மண்முடிச்சாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே ஏதாவது பேசி முடிந்திருக்கும். எம்.எல்.ஏ. சீல் போட்ட தாள் என்பதால் அது ஒவ்வொரு ஆபீஸாக மேலே ஏறியது. சீட்டுக்கு முட்டிக்கொண்டவர்களில் ஒருவர் அதற்கு ஏணி பிடித்தார் என்று பேச்சு. நிரூபணம் என்னிடம் இல்லை. அரசு மரத்தைத் திருடியதாகவும் பொதுச் சொத்தைக் கையாடியதாகவும் வழக்கு. முதல் எதிரி காசிராஜன். அவருக்குப் பின்னால் மரம் வெட்டிய கூலியாட்கள் ஒன்பது பேர். அதில் வெள்ளைத்தாய் நான்காம் எதிரி. விலைக்கு வாங்கிய வியாபாரி தாளைக் கொடுத்துவிட்டு அரசுத் தரப்புச் சாட்சியாகிவிட்டார்.

ஒன்பது பேரும் அன்றாடம் காய்ச்சிகள். தீர்ப்பு எதிராகப் போனால் ஆறு மாதமோ ஒரு வருடமோ உள்ளே இருக்கவேண்டும். வெள்ளைத்தாய்க்கு ஒன்றரைக் குறுக்கம் நிலம் இருந்தது, கல்யாண வயதில் ஒரு மகளும் இருந்தாள். வாய்தா நாளில் அவர்கள் விலக்கில் பஸ் ஏறி வந்து கோர்ட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். காசிராஜனுக்கு சட்டசபை இருந்தால் அவர் வக்கீல் அருஞ்சுனை வாய்தா வாங்கிவிடுவார். இவர்கள் அன்றைய கூலியும் போய்த் திரும்புவார்கள்.

ஒருமுறை காசிராஜன் வந்திருந்த அன்று வெள்ளைத்தாய் கேட்டாள்: "மச்சான், ஒனக்கு லீவு போடச் சட்டசபை இருக்கு. எங்களுக்கும் ஒரு சபை பாத்துக் குடேன்."

காசிராஜன் அன்று என் கடைக்கு வந்து டீயைக் கையில் வைத்தபடி ஆறவிட்டார்.

1969 ஆகஸ்டு கடைசியில் கட்சியிலிருந்து நல்லமுத்து என்பவர் வந்தார். மாவட்டப் பொறுப்பாளர், தங்கமான மனிதர் என்றுதான் பெயர். மாடியில் நான், காசிராஜன், அருஞ்சுனை மூவரும் இருந்தோம்.

"அண்ணாச்சி, ஒங்கள விட்டுக் குடுக்கக் கூடாதுன்னு மேல முடிவு பண்ணிட்டாக. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். ஏலத்துக்கு நான் போகலை, லெட்டர்பேடு ஆபீஸ்ல கெடந்துச்சு, ஊர்க்காரங்க எடுத்து எழுதிக்கிட்டாகன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். ஒங்க பேரு வெளிய வந்துரும்."

"கையெழுத்து?"

"கையெழுத்த யாரும் போடலாம்ல."

"சரி, அந்த ஒம்போது பேரு?"

நல்லமுத்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். "அவுகளுக்கு ஏதாச்சும் பாத்துச் செய்வோம். கூலிக்காரங்க தான, ஜட்ஜே எரக்கப்படுவாரு."

"எரக்கப்படலேன்னா?"

"அண்ணாச்சி, ஒரு எம்.எல்.ஏ. போறதும் கூலிக்காரன் ஆறு மாசம் போறதும் ஒண்ணா?"

காசிராஜன் வக்கீல் பக்கம் திரும்பினார். "ஐயா, ஏலத்த நாந்தான் கூப்பிட்டேன், தாள நாந்தான் எழுதினேன், எஞ்சொல்லக் கேட்டுத்தான் இவுக வெட்டுனாகன்னு கோர்ட்டுல நான் சொன்னா என்ன ஆகும்?"

அருஞ்சுனை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவுக வெளிய வர வழியிருக்கு. உம்ம நெலம மோசமாகும்."

"எம்.எல்.ஏ.வா இருந்துக்கிட்டு அதச் சொன்னா கட்சிக்குக் கெட்ட பேரு," என்றார் நல்லமுத்து.

"அப்ப எம்.எல்.ஏ.வா இல்லாமச் சொல்றேன்."

நல்லமுத்து வெற்றிலையைப் போடாமலே கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் டீ சொல்லியனுப்பினேன்.

மறுநாள் நானும் அவரோடு மருதனேந்தல் போனேன். அவர் மனைவி சௌந்தரம் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். காசிராஜன் விஷயத்தைச் சொன்னார். சௌந்தரம் நிமிரவில்லை.

"மெட்ராஸ் போயிட்டு வாறப்பல்லாம் ஏழு வெள்ளச் சட்டை தொவைக்கணும். கரிச் சட்டைன்னா ஒண்ணு போதும். ராசினாமாவ எப்பக் குடுக்கப் போறீக?"

"வாற மாசம்."

"அதுக்குள்ள அந்தத் திருச்சுழி ஆஸ்பத்திரிக்கு ஒரு நர்சம்மா கேட்டீகளே, அத முடிச்சுட்டுக் குடுங்க."

அப்படியே செய்தார். நர்ஸ் வந்து சேர்ந்த பிறகு, என் கடையில் உட்கார்ந்து ராஜினாமா எழுதினார். லெட்டர்பேடை நான் எடுத்துக் கொடுத்தபோது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அது வேண்டாம் பாய். அதுல எழுதித்தான் இம்புட்டும். ஒம்ம கடைத் தாள் ஒண்ணு குடும்." சபாநாயகருக்கு மூன்று வரி. காரணம் எழுதவில்லை. தபாலில் அனுப்பலாம் என்றேன். ஏலத்தை நேரில் நின்று கூப்பிட்டவன், இதையும் நேரில்தான் கொடுக்கவேண்டும் என்றார். சென்னைக்குப் போகும்போது உறுப்பினர் பாஸில் முதல் வகுப்பு. பாஸையும் அங்கேயே ஒப்படைத்துவிட்டதால் வரும்போது மூன்றாம் வகுப்பு. அந்த டிக்கெட் கணக்குதான் மேலே ஐந்தாவது வரி.

"மூணாம் வகுப்புலதான் பேச்சுத்தொணை கெடைக்குது பாய். சாத்தூர்க்காரர் ஒருத்தர் திண்டுக்கல் வரைக்கும் தேங்கா வெல சொல்லிக்கிட்டே வந்தாரு," என்றார். அவர் முகம் நன்றாக இருந்தது. எட்டு மாதமாக அப்படிப் பார்க்கவில்லை.

கோர்ட்டில் அவர் நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். அரசு வக்கீல், அது அரசாங்க மரம் என்று உமக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார். தெரிந்தும் ஏன் விற்றீர் என்றதற்கு, "மடை எங்க ஊரு மடைங்கய்யா" என்றார். கோர்ட்டில் கொஞ்சம் சலசலப்பு. மாஜிஸ்திரேட் மேசையைத் தட்டினார்.

27-4-1970 அன்று தீர்ப்பு. பணத்தில் ஒரு காசும் காசிராஜன் எடுக்கவில்லை என்று அதில் எழுதியிருந்தது. ஆனால் விற்க அவருக்கு அதிகாரமில்லை, அதனால் ஐந்நூறு ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் மூன்று மாதம். ஒன்பது பேரும் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வேலை செய்தவர்கள் என்று விடுதலை. ஊரார் அபராதத்துக்கு வசூல் செய்துகொண்டு வந்திருந்தார்கள். அவர் வாங்கவில்லை, தன் வண்டிமாட்டை விற்றுக் கட்டினார். வேப்பமரத்தடியில் வெள்ளைத்தாய், "மாட்ட வித்துட்டியே, இனிமே வண்டிய நீயா இழுக்கப்போற மச்சான்?" என்று கேட்டாள். கேட்கும்போதே அழுதுவிட்டாள்.

அதோடு முடியவில்லை. அந்த ஒன்பது பேரின் விடுதலையை எதிர்த்து அரசுத் தரப்பில் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போனார்கள். அருஞ்சுனை சென்னையில் தனக்குத் தெரிந்த வக்கீலைப் பிடித்துக் கொடுத்தார். தீர்ப்பு எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது. காசிராஜன் அன்றைக்கு ஒரு முடிவெடுத்தார்: ஒன்பது பேரும் முழுசாக வெளியே வரும் வரை எந்த ஏலமும் கூப்பிடுவதில்லை.

மூன்று வருடம் போனது. அவர் மூட்டத்துக்குத் திரும்பினார். இந்தத் தடவை பட்டா நிலத்து மரம் மட்டும், கையில் அனுமதிச் சீட்டோடு. சாக்கின் அடியில் அப்போதும் தூள் இல்லை. எழுபத்தொன்று தேர்தலுக்கு ஆட்கள் வந்து கேட்டார்கள். "எங்க ஆளுக ஒம்போது பேரு கேசுல கெடக்காக. மொத அது முடியட்டும்" என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். மத்தியானம் மூட்டத்தின் பக்கத்தில் வேப்பநிழலில் படுத்துத் தூங்குவார். எம்.எல்.ஏ.வாக இருந்தபோது அந்தத் தூக்கம் கிடையாது என்று சௌந்தரம் சொல்வார்.

ஊருக்குத்தான் கஷ்டம். கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை விடும் மீன்பாசி ஏலத்தை இப்போது சட்டப்படி பஞ்சாயத்து நடத்தியது. யூனியனிலிருந்து ஓர் ஆபீசர் வந்து உட்காருவார். கூப்பிட வேறு ஆள் வைத்தார்கள். எழுபத்திரண்டில் கூப்பிட்டவன் இரண்டாம் தரம் சொன்னதும் மூச்சு விடாமல் மூன்றாம் தரத்தையும் சொல்லிவிட்டான். நான் கேட்கவிருந்தேன் என்று ஒருத்தன் எழுந்தான். அடிதடி. ஆபீசரின் குடை ஒடிந்தது. மறுவாரம் திரும்பவும் ஏலம்.

எழுபத்துமூன்று சித்திரை பிறப்பதற்கு முன்னால் சென்னை வக்கீலின் கடிதம் என் கடை விலாசத்துக்கு வந்தது. அருஞ்சுனையிடம் காட்டி உறுதி செய்துகொண்டு, நரிக்குடி பஸ்ஸில் ஏறி விலக்கில் இறங்கி நடந்தேன். காசிராஜன் மூட்டத்துக்கு மண் அப்பிக்கொண்டிருந்தார். வெள்ளைத்தாய் தண்ணீர்க்குடத்தை இறக்கிவைத்தாள். நான் படித்தேன். அப்பீல் தள்ளுபடி, ஒன்பது பேர் மீதும் இனி வழக்கு எதுவும் இல்லை.

காசிராஜன் இன்னொருமுறை படிக்கச் சொன்னார். படித்தேன். ஒன்பது பெயர்களையும் வரிசையாகக் கேட்டுத் தலையசைத்தார். அதில் ஒருவர் போன ஐப்பசியில் இறந்திருந்தார். அந்தப் பெயர் வந்தபோது மண் கையோடு கும்பிட்டார்.

வெள்ளைத்தாய் சொன்னாள்: "அப்ப ஞாயித்துக்கெழம மீனு ஏலத்த நீதான் கூப்பிடுற. போன வருசம் மாதிரி என்னால மண்ட ஒடஞ்சவனுக்கெல்லாம் மஞ்சப் பத்துப் போட்டுக்கிட்டு இருக்க ஏலாது."

"தொண்ட கட்டிக் கெடக்கு, வெள்ளைத்தாயி."

"மூணு வருசம் மூடிவச்ச தொண்டதான. தெறந்து பாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்தான் கூப்பிட்டார். நானும் கரையில் நின்றேன். இரண்டாம் தரத்துக்குப் பிறகு கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. மூன்றாம் தரம் சொன்னார். யூனியன் ஆபீசர் அச்சடித்த ரசீதில் கையெழுத்துப் போட்டு ஏலம் எடுத்தவரிடம் கொடுத்தார். காசிராஜன் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து அவர் துண்டில் வைத்தார். ஏலம் எடுத்தவர் ரசீதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மண்ணை முடிந்து தோளில் போட்டுக்கொண்டார்.

கடிதம் வந்த தேதி 12-4-1973, வியாழக்கிழமை.